எச்சில் தொட்டு ஒட்டியது

அண்ணியின் கணவர் இறந்த பிறகு அவளும் நாத்தனாரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அந்தப் புத்தகம். நில அளவை வேலையில் பூங்கா பூங்காவாக அலைந்த நாட்களில், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தங்கைக்கு அவர் ஒவ்வொரு தேசியப் பூங்காவிலிருந்தும் கடிதம் போட்டார். அந்தந்தப் பூங்காவின் தபால்தலையைத் தேடிப்பிடித்து ஒட்டுவார். இப்போது நாத்தனார் அந்தத் தபால்தலைகளைப் பக்கத்துக்கு ஒன்றாக நடுவில் வைத்து, தபால்தலைக்குள் மான் நிற்கும் காட்டை அதன் ஓரத்துப் பல்வரிசைக்கு வெளியேயும் இழுத்துப் பக்கம் முழுக்க வரைந்திருந்தாள். கீழே பூங்காவைப் பற்றிய நாலு வரி அண்ணி எழுதியது. அதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

உறைகளிலிருந்து தபால்தலைகளைப் பிரித்ததும் அண்ணிதான். நாத்தனாருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் உறைத்துண்டை மிதக்கவிட்டால் தபால்தலை தானாகக் கழன்றுவரும். தண்ணீர் பிசினால் கலங்கியிருக்கும். அவர் நாக்கு பட்ட பிசின். அதைக் கொட்டும்போதெல்லாம் அண்ணிக்கு வயிறு எரிந்தது. கல்யாணமானதுமே தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கி வந்துவிட்டவர், பிறகு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவளுக்கு யார் கடிதம் போடுவார்கள்? நியாயம்தான். நியாயத்தால் எரிச்சல் அடங்கியதாக வரலாறு இல்லை.

புத்தகக் கடையில் அறிமுகக் கூட்டம். பதிப்பாளர் மைக்கை நாத்தனாரிடமே நீட்டினார்.

"எங்கண்ணன் பசையெல்லாம் தொடமாட்டான். எல்லாம் நாக்குதான். இதுல இருக்கிற ஒவ்வொரு ஸ்டாம்பும் எனக்காக எச்சில் தொட்டு ஒட்டினது."

கூட்டம் உருகியது. முன்வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவளுக்கு எதற்கு அழுகை என்று அண்ணி பல்லைக் கடித்தாள்.

"உங்களுக்கும் லெட்டர் போடுவாரா மேடம்?" என்று ஒருவர் அண்ணியைக் கேட்டார்.

"போடாம?" வாய் முந்திக்கொண்டது. "நிச்சயமானதுலேருந்து கல்யாணம் வரைக்கும் காட்டுலதானே இருந்தார். வாரம் ஒண்ணு வரும். ஆனா அதையெல்லாம் புக்குல போட முடியாதுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்த மாதங்களில் அவர் போனில்தான் பேசினார். அதுவும் பெரும்பாலும் மழையைப் பற்றி.

நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. கையெழுத்து வாங்க வந்தவர்களின் பெயரையெல்லாம் தப்பும் தவறுமாக எழுதினாள்.

காரில் ஏறியதும் கேட்டாள். "வாரம் ஒண்ணா அண்ணி? எனக்கு மாசம் ஒண்ணு வந்தாலே பெருசு."

"என்னைக் கேட்டா?"

"என்ன ஸ்டாம்பு ஒட்டுவான்?"

"எல்லாந்தான். ஒண்ணுல ஜோடிக் கொக்கு."

"ஜோடியா? எனக்கு ஒத்தைக் கொக்குதானே அனுப்பினான்!"

நாத்தனார் புத்தகத்தைத் திறந்து அந்தக் கொக்குப் பக்கத்தைத் தேடினாள். சும்மா சொன்னேன்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு காட்டுங்க அண்ணி. படிக்கல, ஸ்டாம்பை மட்டும் பார்த்துக்கிறேன்."

"யார்கிட்டயும் காட்டக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்," என்றாள் அண்ணி.