மயிலைக்கும் ஒரு பிடி

செல்லியம்மாவுக்குச் சர்க்கார் கொடுத்த வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு மாட்டுக்குத் தழை போட வேண்டும், பக்கத்து மாட்டுக்குப் போடக் கூடாது. அவ்வளவுதான்.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் மெட்ராஸ் சர்க்கார் வளர்த்த வாகைத் தோப்பு அது. கோடையில் புல் கருகிப்போகிற சீமையில் மரத்தழையை நம்பி மாடு வளர்க்க முடியுமா என்று பார்க்கத்தான் இத்தனை ஏற்பாடும். காணி நிலம் இல்லாத செல்லியம்மாவின் ஒரே சொத்து, ஒரு தாய் ஈன்ற இரண்டு கிடேரிகள், செவலையும் மயிலையும். செவலைக்கு வைக்கோலும் வாகைத்தழையும். மயிலைக்கு வெறும் வைக்கோல்.

"நடுவுல நீ எதுவும் மாத்தாதேம்மா," என்று படித்துப் படித்துச் சொன்னார் ஆபீசர் ஜெயச்சந்திரன். "மயிலையைவிட செவலை தேறிக் காட்டினா தோப்பு இங்கயே நிக்கும். கோடையில தழை எல்லாம் நிலமில்லாதவங்க மாட்டுக்குத்தான்."

அந்தக் கோடைத் தழைக்காக அவள் எதையும் செய்திருப்பாள். இவற்றின் தாய் போன பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் விழுந்து, எழவே இல்லை.

ஆனால் மாட்டுப்பொங்கல் என்று ஒன்று வருகிறதே! அன்றைக்குத் தொழுவத்தில் ஒன்றுக்கு ஊட்டிவிட்டு இன்னொன்றைப் பார்க்க வைத்தால் வீடு விளங்குமா? செவலையின் தழைக்கட்டிலிருந்து ஒரு பிடி உருவி மயிலைக்கு நீட்டினாள். மறுநாள் மயிலை கழுத்தை நீட்டிக் கத்தியது.

"போடி, உனுக்குக் கெடையாது," என்று அதட்டினாள். அது விடவில்லை. அப்புறம் தினமும் கட்டைப் பிரித்து இரண்டுக்கும் பாதிப் பாதியாகப் போட்டாள். பெற்றவள் ஒரு பிள்ளைக்குச் சோறும் இன்னொன்றுக்கு வெறும் கஞ்சித்தண்ணியுமா வைப்பாள்? ஆபீசில் உட்கார்ந்து திட்டம் போட்ட மகராசன்களுக்கு இது தோன்றவே இல்லை.

பங்குனியில் எல்லை மாறியது. ஊர் ஆந்திராவுக்குப் போயிற்று, ஜெயச்சந்திரன் மெட்ராசுக்குப் போனார். சித்தூரிலிருந்து வந்த புது ஆபீசர் இரண்டு மாடுகளையும் நிறுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏமம்மா, ரெண்டும் ஒரே எடைதானே! தழை போட்டு என்ன லாபம்? தோப்பை வெட்டிட வேண்டியதுதான்."

செல்லியம்மா தடாலென்று அவர் காலில் விழுந்தாள்.

"சாமி, நான்தான் மயிலைக்கும் போட்டுக்கினு இருந்தேன். தழை நல்லதுதான் சாமி. ரெண்டும் அத்தத் துன்னுதான் இப்படி நிக்குதுங்கோ. இன்னொரு தபா பாருங்க, இனிமே சத்தியமா போட மாட்டேன்."

அவர் கெட்டவர் இல்லை. கோபப்படக்கூட இல்லை.

"அப்போ இதுவரைக்கும் செஞ்சது எல்லாம் வீண் அம்மா. மறுபடி மொதல்லேர்ந்து தொடங்க எனக்கு யார் உத்தரவு குடுப்பாங்க? மெட்ராஸ் இனிமே கேக்காது. சித்தூர்ல இப்படி ஒரு தோப்பு இருக்கிறதே தெரியாது."

வைகாசியில் கோடாலி வந்தது. வெட்டிய அன்று கிளைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. ஊர் மாடெல்லாம் வயிறு முட்டத் தின்றன. செவலையும் மயிலையும் ஒரே கிளையின் இரு பக்கமும் நின்று மென்றன. அளந்து போட ஆளில்லை, தடுக்கவும் ஆளில்லை. செல்லியம்மா ஒப்பாரி வைக்காத குறையாக அழுதாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அடுத்த கோடையில் வைக்கோலும் தீர்ந்துபோக, முதலில் மயிலை விழுந்தது. செல்லியம்மா காடெல்லாம் அலைந்து எங்கிருந்தோ ஒரு பிடி தழை கொண்டுவந்து அதன் வாயில் வைத்தாள். மென்று தின்ன அதற்குத் தெம்பில்லை. பக்கத்தில் செவலை கழுத்தை நீட்டிக் கத்தியது.

"இருடி," என்றாள். மயிலையின் வாயிலிருந்த தழையை உருவிச் செவலைக்குப் போட்டாள்.

மயிலை பார்த்துக்கொண்டே கிடந்தது.