லட்சுமணன் வீட்டுப் புகை

1998ஆம் வருடம் போகியன்று விடியலில் திருவொற்றியூர் லட்சுமணன் கொளுத்திய இரண்டு லாரி டயர்களின் புகை ஆறு வருடம் அவன் வீட்டுக்கு மேலேயே நின்றது. அந்த டயர்களுக்காக பங்க்சர் கடை சுப்பராயனுக்கு அவன் தரவேண்டிய நாற்பத்தைந்து ரூபாயும் அதே ஆறு வருடம் நின்றது. போகிக்கு டயர் எரிப்பது அந்தத் தெருவின் வழக்கம். பழைய பாயையும் கிழிந்த துணியையும் மட்டும் எரித்தால் இதெல்லாம் ஒரு போகியா என்று கேட்பார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியே முதுகு வளைந்துபோன லட்சுமணனுக்கு, வருடத்தில் அந்த ஒரு காலையாவது தன் வாசல் நெருப்பு பக்கத்து வாசல் நெருப்பைவிட ஒரு முழம் உயர எரிய வேண்டும். அவன் மனைவி அம்முவுக்கு மூச்சிரைப்பு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறவள். அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“டயரு வாணாய்யா. எனுக்கு ஏற்கெனவே இழுத்துகினு கீது.”

“வருசத்துக்கு ஒரு நாளுமே. காத்துல போய்டும்.”

“போயி எங்க நிக்கும்?”

லட்சுமணன் தீக்குச்சியைக் கிழித்தான்.

மற்ற வீடுகளின் புகை பத்து மணிக்குள் கடல்காற்றில் கலைந்துவிட்டது. லட்சுமணன் வீட்டுப் புகை மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேலே எருமை மாதிரி படுத்துக்கொண்டது. பொங்கல் அன்றும் இருந்தது, காணும் பொங்கல் அன்றும் இருந்தது. ஏழாம் நாள் அம்மு நாலு புடவையைப் பையில் போட்டுக்கொண்டு புழலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். சண்டை ஒன்றுமில்லை. புகை போனதும் வருகிறேன் என்றாள்.

தெருவுக்கு அது சீக்கிரமே பழகிவிட்டது. வழி கேட்டு வந்தவர்களுக்குப் புகை வீட்டிலிருந்து நாலாவது வீடு என்று அடையாளம் சொன்னார்கள். தபால்காரர் அந்த வாசலுக்கு மட்டும் பகலில் டார்ச் அடித்து விலாசம் படித்தார். கருவியோடு புகையை அளக்க வந்த அதிகாரி, ஆலைக்குப் படிவம் உண்டு, வீட்டுக்குக் கிடையாது என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். இரண்டு புயல் வந்தது, பக்கத்து வீட்டு ஓடுகளைப் பெயர்த்தது, புகையை ஒன்றும் செய்யவில்லை. லட்சுமணன் ஞாயிறுதோறும் புழலுக்குப் பஸ் ஏறினான். எத்தனை தடவை தேய்த்துக் குளித்தாலும் அவன் சட்டையில் டயர் வாடை போகவில்லை; அவன் உள்ளே வந்து உட்கார்ந்தாலே அம்முவுக்கு இழுப்பு வந்தது. அதனால் அவன் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றான், அவள் அந்தப் பக்கம் நின்றாள். நடுவில் லாரி போகும்போது பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பிறகு அவன் மாதம் ஒரு தரம் போனான். சோறு மட்டும் இரண்டு பேருக்கே வடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் வருடம் ஒருநாள், எல்லோரையும் போல, பெருக்கின குப்பையோடு கேரி பேக்கையும் சேர்த்து வாசலில் கொளுத்தினான். புகை ஒரு சாண் கீழே இறங்கியது. மறுநாள் கேரி பேக்கையெல்லாம் காயலாங்கடையில் போட்டுவிட்டு, குப்பையில் இருந்த தழையை மண்ணில் புதைத்தான். புகை இறங்கவில்லை. அடுத்த போகிக்கு எதிர்வீட்டுப் பையன்கள் உருட்டிவந்த ஸ்கூட்டர் டயரைக் கெஞ்சி வாங்கி வீட்டுக்குள் வைத்துப் பூட்டினான். அன்று மாலை புகையில் ஒரு கை அகலம் குறைந்து, அதன் வழியே வானம் தெரிந்தது. அப்போதுதான் அவனுக்கு வழி பிடிபட்டது. அதிலிருந்து மார்கழி பிறந்ததும் தெருத்தெருவாகப் போய் டயர் கேட்பான். கிடைத்ததைக் காசிமேடுவரை உருட்டிக்கொண்டுபோய், விசைப்படகுகளின் பக்கவாட்டில் இடி தாங்கக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பான். கடைக்குத் துணிப்பை எடுத்துப் போவான். இன்னா மாமு, டயருக்கு மாப்ளை பாக்கறியா என்று பையன்கள் கேலி பேசினார்கள். சிரித்துக்கொண்டே கொடுக்கவும் செய்தார்கள். உலகத்தைக் காப்பாற்றுகிறாயா என்று ஒருவர் கேட்டதற்கு, உலகம் எனக்குத் தெரியாது, அம்முவுக்கு நெஞ்சு சரியில்லை என்றான்.

2004 போகியன்று அந்தத் தெருவில் ஒரு டயரும் எரியவில்லை. முந்தின ராத்திரி தலையணை அளவுக்கு மிச்சமிருந்த புகையை விடிந்ததும் காணோம். வாசலில் இரண்டு லாரி டயர்கள் கிடந்தன, ஓரிடமும் கருகாமல், முழுசாக. கைக்கு ஒன்றாக உருட்டிக்கொண்டு லட்சுமணன் பங்க்சர் கடைக்குப் போனான். சுப்பராயன் உள்பக்கம் தான் சாக்பீஸால் போட்ட குறியைப் பார்த்தார், தொட்டுப் பார்த்தார்.

“இன்னும் சூடு கீதே, நைனா.”

“வெளிய வையி. ஆற நேரமாவும்.”

கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது. லட்சுமணனிடம் சில்லறை இல்லாததால் சுப்பராயனே காசு போட்டார். புழலில் தங்கை தெரு மளிகைக் கடைக்காரர் அம்முவைக் கூப்பிட்டுவர இரண்டு நிமிடம் ஆனது.

“எங்க நிக்குது?” என்றாள்.

“எங்கியும் இல்லமே.”

போனில் அவள் மூச்சு கேட்டது. விசில் இல்லாத மூச்சு. சாயந்திரம் பஸ்ஸுக்கு வருவதாகச் சொன்னாள்.

சுப்பராயன் டயர்களைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கரியால் சுவரில் எழுதியிருந்த லட்சுமணன் நாற்பத்தைந்து என்பதை ஈரத்துணியால் துடைத்தார். போனுக்குப் போட்ட ஒரு ரூபாயை எழுதவில்லை.