இத்லாருக்கு வைத்த விருந்து

கர்க்லாண்டில் ஒரு வீட்டின் மேல்மாடி அறை, ஹீட்டரை நிறுத்திய பிறகும் கொதிக்கிறது என்று அழைப்பு வந்தபோது மரியதாசன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்தாறு வருடமாக மொன்ட்ரியாலில் ஹீட்டர் திருத்துகிறவர். எங்கோ ஒரு வயர் பழுதாகியிருக்கும்.

வீட்டுக்காரி ஷெரோன் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பிக்கிறவள். அவரைப் போலவே மட்டக்களப்புக் குடும்பம். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. மேல் அறையில் முப்பத்து நான்கு. மரியதாசன் பிரேக்கரை இறக்கிவிட்டு, ஹீட்டரைக் கழற்றித் தொட்டுப் பார்த்தார். அது குளிர்ந்து கிடந்தது. அறைதான் வெந்தது. நனைந்த கம்பளியும் குதிரை வியர்வையும் கலந்த மணம் வேறு.

"எப்ப தொடங்கின, மகள்?"

"போன ஞாயிறு, அங்கிள். இந்தப் பக்கத்த மொழிபெயர்க்கத் தொடங்கின அண்டைக்கு."

மேசையில் கிடந்த தாளைக் காட்டினாள்.

"ஆயிரம் வருசத்துக்குக் கிட்ட முந்தின கதை. புல்வெளியில குதிரையோட அலைஞ்ச பொலோவ்ட்சியர். அவங்கட தலைவன் ஒருத்தன் இத்லார். ருஸ் நாட்டு இளவரசன்கிட்ட சமாதானம் பேச வாறான். இளவரசன் சத்தியம் பண்ணி, தன்ட மகனையே பிணையாக் குடுத்தவன். பேந்து அந்த மகனக் களவா மீட்டுட்டு, விடிய இத்லாரச் சாப்பிடக் கூப்பிடுறாங்க. குளிருக்கு நல்லாச் சூடேத்தின வீடு. உள்ள போனதும் கதவப் பூட்டி, கூரையப் பிரிச்சி மேலால அம்பு விட்டாங்க. ஒருத்தரும் தப்பல்ல."

ஊரில் சண்டை நடந்த தொண்ணூறாம் ஆண்டு மரியதாசனுடைய அண்ணனையும் தேத்தண்ணி குடிக்கத்தான் கூப்பிட்டார்கள். பேசித் தீர்க்கலாம் என்றார்கள். அண்ணன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார்.

ஷெரோன் டோர்ச் எடுக்கக் கீழே இறங்கினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கைபிடி அசையவில்லை.

அப்போது முதுகுக்குப் பின்னால் ஆட்கள் சாப்பிடும் சத்தம் கேட்டது. எலும்பு கடிபட்டது, வாய் நிறைய வைத்துக்கொண்டு யாரோ ஒருவன் சிரித்தான், தெரியாத பாஷையில் இன்னொருவன் கேலி பேசினான். திரும்பினால் மேசையும் புத்தகங்களும்தான். பிறகு தலைக்கு மேலே பலகை நகர்ந்தது. அது தட்டைக் கூரை, மேலே முழங்கால் அளவு பனி. ஆனாலும் பலகை நகர்ந்தது. சாப்பிடுகிறவர்கள் கவனிக்கவில்லை.

"எழும்புங்க!" என்று கத்தினார். "மேல நிக்கிறானுகள்! சாப்பிட்டது காணும், வெளியால ஓடுங்க!"

சிரிப்பு நின்றது. பல முகங்கள் தன் பக்கம் திரும்புவது அவருக்கு உடம்பில் தெரிந்தது. ஸ்பானரால் ஜன்னலை அடித்து உடைத்தார். குளிர் பாய்ந்து வந்தது. சூடான தோள் ஒன்று அவரை இடித்துக்கொண்டு வெளியே போயிற்று. ஒரே ஒரு தோள். அடுத்த கணம் மேலே ஏதோ பிளந்தது, காற்றைக் கிழித்துக்கொண்டு விர்ரென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

ஷெரோன் கதவைச் சாதாரணமாகத் திறந்துகொண்டு வந்தாள். மரியதாசன் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"ஓராள் போயிட்டார், மகள்."

"ஆரு?"

"தெரியாது. மத்தவங்க எழும்பல்ல."

தாளில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் ஜன்னலுக்குக் கீழே, காலையில் விழுந்த பனியில், இரண்டு பாதங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. அங்கிருந்து குதிரைக் குளம்புத் தடங்கள் வேலியைத் தாண்டிப் போயிருந்தன.

"பலகை இருந்தாத் தாங்க, ஜன்னல அடைக்கிறன்" என்றார் அவர்.

ஷெரோன் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றாள்.

"இப்ப வேணாம், அங்கிள். இன்னும் ஆராவது எழும்பி வந்தா?"