கையின் மேல் போட்ட பழி

தன் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒருவர் ஜமுனாமரத்தூர் வரை மலையேறி வருவார் என்று சிவசங்கரி கனவிலும் நினைத்ததில்லை. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் கீபோர்டுகளைப் பிரித்து மாட்டி வீடியோ போடுகிறவள் அவள். பட்டன் ஒவ்வொன்றின் அடியிலும் தனித்தனி சுவிட்ச் இருக்கும். பிடிக்காததைப் பிடுங்கிவிட்டு வேறு சொருகிக்கொள்ளலாம். இதையெல்லாம் தமிழில் சொல்ல ஆள் குறைவு. அதனால் அவள் வாங்கச் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

வந்தவர் கனீஸ் ஃபாத்திமா. வாணியம்பாடியில் வக்கீல்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுப்பவர், நாற்பதைத் தாண்டியவர். ஆலங்காயம் வழியாக பஸ் பிடித்து வந்து, துண்டில் சுற்றிய கீபோர்டைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எனக்கு வாதம். வெரல் கணுவெல்லாம் வீங்கிப் போச்சு. மெத்துனு அமுங்குற சுவிட்ச் மாத்திக்கலாம்னு பாத்தேன். சுவிட்சப் புடுங்க நீங்க சொன்ன அதே புல்லர்தான் வாங்குனேன். ஆனா என் கைக்கு வரமாட்டேங்குது. எப்படிப் புடிக்கணும்னு நேர்ல ஒருவாட்டி காட்டினீங்கன்னா போதும்."

சிவசங்கரி துண்டைப் பிரித்தாள். கருப்புத் தகடு முழுக்கக் கீறல். இரண்டு சுவிட்சுகளின் ஓரத்தில் நீட்டியிருக்கும் காது உடைந்திருந்தது. ஓரிடத்தில் சுவிட்ச் சொருகும் சாக்கெட்டே அடியில் பெயர்ந்து தொங்கியது. கூடவே அந்த நீலப்பிடி புல்லர். சுவிட்சை இரண்டு பக்கமும் கவ்வி இழுக்கும் குறடு அது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அழுத்தினால் அதன் மெல்லிய கைகள் விரிந்துகொடுக்கும். மொண்ணை நுனி வழுக்கிக்கொண்டு போகும்.

அது அவளுக்குத் தெரியும். வீடியோ எடுத்த அன்றே தெரியும். அதை அனுப்பிய கடைக்காரர் கூடவே ஒரு பெட்டி நிறைய நல்ல சுவிட்சுகளும் இலவசமாக அனுப்பியிருந்தார். கேமரா முன்னால் அந்தப் புல்லர் மூன்று முறை வழுக்கியது. அந்த இடத்தை வெட்டிவிட்டு, தன்னுடைய ஸ்டீல் புல்லரால் பிடுங்கியதைக் கிட்டத்தில் காட்டி ஒட்டினாள். "இது ஒண்ணே போதும், வேற எதுவும் வாங்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சின்ன சாமான்தானே என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

"மொதல்ல உக்காருங்கக்கா" என்று பாயை விரித்தாள். நீலப்பிடியை எடுத்து, இந்த ஒரு தடவை மட்டும் வந்துவிடு என்று மனதுக்குள் கெஞ்சியபடி ஒரு சுவிட்சைக் கவ்வி இழுத்தாள். சர்ரென்று வழுக்கியது. தகட்டில் இன்னொரு கீறல்.

"என் கீபோர்டுதான் சரியில்லையோ?" என்றார் கனீஸ், அவளுக்காகப் பரிந்து பேசுவது போல.

"ஆமாங்கக்கா. கொஞ்சம் டைட்டா இருக்கு."

சொன்ன வாய் கசந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா நீலாவதி பலாச்சுளைத் தட்டோடு வந்தாள். மகள் தடுமாறுவதைப் பார்த்ததும் மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்து நீட்டினாள்.

"இன்னாடி, இத்த வெச்சிக்கினு அல்லாடுற? நீ எப்பவும் இதுலதானே எடுப்ப?"

ஸ்டீல் புல்லர். சிவசங்கரி கை நீட்டுவதற்குள் கனீஸ் அதை வாங்கிக்கொண்டார். வீங்கிய விரல்களால் பிடித்து, நுனியைச் சுவிட்சின் காதுகளில் பொருத்தி, நேராக மேலே தூக்கினார். டக்கென்று கழன்று வந்தது. அடுத்ததும் அப்படியே. கனீஸ் சிறுமி மாதிரி சிரித்தார்.

"அல்லாவே! கையே போச்சுன்னு டாக்டர்கிட்ட அழுது, மாத்திரையைக் கூட்டி எழுதி வாங்கியாந்தேனே!"

சிரிப்பு பாதியில் நின்றது. நீலப்பிடியைப் பார்த்தார். பிறகு சிவசங்கரியைப் பார்த்தார்.

"இது உங்ககிட்ட இருக்கும்போது அத்த ஏம்மா வாங்கச் சொன்னீங்க?"

'மேடம்' போய் 'அம்மா' வந்திருந்தது. சிவசங்கரிக்குத் தலை நிமிரவில்லை. பாயின் கோரையைப் பார்த்தபடியே கடைக்காரர் அனுப்பிய பெட்டியைச் சொன்னாள், வெட்டி ஒட்டியதைச் சொன்னாள். நீலாவதி தட்டைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள்.

"டைட்டா இருக்குன்னு இப்ப சொன்னது?" என்று கேட்டார் கனீஸ்.

"பொய்ங்கக்கா."

கனீஸ் கத்தியிருந்தால் தேவலை. அவர் தன் வலது கையை இடது கையால் மெல்லத் தடவிக்கொண்டார். "இத்தினி நாளா இந்தக் கையத் திட்டிக்கினே இருந்தேம்மா" என்றார். அவ்வளவுதான்.

சிவசங்கரி சாக்கெட்டைச் சூடுவைத்துப் பற்றவைத்தாள். உடைந்த சுவிட்சுகளுக்கு வேறு போட்டாள். ஸ்டீல் புல்லரை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது கனீஸ் தலையசைத்து மறுத்தார்.

"உங்களுக்குச் சரியா இருக்கறது எனக்கும் சரியா இருக்கும்னு மறுபடியும் நான் எப்படி நம்புறது? உங்ககிட்ட இருக்கறத எல்லாம் எடுங்க. நானே பாக்கறேன்."

சிவசங்கரி தன்னிடமிருந்த புல்லர்களை எல்லாம் பாயில் கொட்டினாள். கனீஸ் ஒவ்வொன்றாக எடுத்து, அதன் கைகள் வளைகின்றனவா என்று அழுத்திப் பார்த்தார், நுனியை நகத்தால் நெருடினார், ஒவ்வொன்றாலும் ஒரு சுவிட்சைக் கழற்றி மாட்டினார். கடைசியில், சிவசங்கரி ஒரு தடவைக்கு மேல் தொடாத, தடித்த ரப்பர் பிடி போட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கை நோகாமல் பிடிக்க அதுதான் வாகாக இருந்தது. அதை போனில் படம் பிடித்துக்கொண்டு, "கடையில வாங்கிக்கறேன்" என்றார். போகும்போது நீலாவதியின் மனம் நோகக்கூடாதென்று ஒரு சுளையை மட்டும் வாயில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலையே சிவசங்கரி பழைய வீடியோவை நீக்கிவிட்டு, நீலப்பிடி வழுக்குவதை அப்படியே காட்டிப் புதிது போட்டாள். இலவசமாக வந்த பெட்டியையும் சொன்னாள். கடைக்காரர் போன் செய்து கத்தினார். அது அவளைத் தொடவில்லை. வீடியோவின் கீழே வந்து குவிந்த பின்னூட்டங்கள்தான் சுட்டன. 'உங்க நேர்மைக்கு ஒரு சல்யூட்', 'இந்தத் தைரியம் யாருக்கு வரும்?'

நீலாவதி அவற்றைத் தன் போனில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தம்மாகிட்ட டைட்டா இருக்குன்னு சொன்னியே, அத்தயும் சொன்னியா?"

"இல்லம்மா."

சிவசங்கரி அந்த வீடியோவையும் நீக்கிவிட்டு, கேமராவை மறுபடி ஸ்டாண்டில் மாட்டினாள். இந்த முறை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வாய்தான் வரவில்லை.