சிவப்புக் கோட்டுக்கு அப்பால்

இவானிட்சா ஊரில் ரத்தோமிர், விதோயே என்னும் சகோதரர்களின் வீட்டுக் கார் கொட்டகையில், அடுப்பின் வெப்பம் தரையிலிருந்த சிவப்புக் கோட்டோடு நின்றுவிடும். கோட்டின் ஒருபுறம் மூத்தவர் ரத்தோமிர் பனியனோடு வியர்த்தபடி வேலை செய்வார். ஒரு சாண் தள்ளி, இளையவர் விதோயேயின் வாளித் தண்ணீர் உறைந்து கிடக்கும்.

கோட்டை வரைந்தவர் விதோயேதான். இறந்த தந்தையின் பழைய காரைத் தம்மைக் கேளாமல் அண்ணன் விற்றுவிட்ட கோபத்தில், சாயத்தை எடுத்துக் கொட்டகையின் நடுவே ஒரே இழுப்பாக இழுத்தார். பழைய வெந்நீர்க் கலனை அறுத்து இருவரும் சேர்ந்து செய்த விறகடுப்பு அண்ணன் பாகத்தில் அகப்பட்டுக்கொண்டது. பேச்சும் அன்றோடு நின்றது. முதற்குளிரில் வெப்பம் கோட்டருகே நின்றபோது, ஊரார் வந்து ஒரு கையை இங்கும் மறு கையை அங்கும் நீட்டிப் பார்த்தனர். பின்னர் விறகு விலையைப் பேசியபடி திரும்பினர். விதோயே மின்சூடேற்றி ஒன்று வாங்கினார். அதன் வெப்பமும் தரையோடு ஊர்ந்து அண்ணன் பக்கம் போய்ச் சேர்ந்தது. கோட்டை வரைந்தவருக்கு வெப்பம் இல்லை என்பது அத்துடன் தெளிவாயிற்று.

"கோட்டைச் சுரண்டித் தொலையேன்டா, உங்கப்பா கல்வெட்டா வெட்டி வச்சாரு?" என்றார் பக்கத்து வீட்டுத் திஹோமிர்.

"அண்ணன் வந்து கேக்கட்டும்" என்றார் விதோயே.

ஆண்டுகள் கழிந்தன. தலை நரைக்கத் தொடங்கியபின் விதோயேயின் மனைவி ஸ்லாஜனா கருவுற்றார். பிள்ளை பிறக்குமுன் அதற்கென ஓர் ஆணியும் அடிக்கலாகாது என்பது அங்குள்ள வழக்கம். தந்தை செய்யாத தொட்டிலில் அவ்வீட்டுப் பிள்ளை எதுவும் உறங்கியதுமில்லை. ஆகவே, ஆறு உறைந்திருந்த சனவரியில் மகள் பிறந்த பின்னரே விதோயே வாதுமைப் பலகையைக் கையிலெடுத்தார். தாயும் சேயும் வீடு திரும்புமுன் தொட்டில் முடிந்து நிற்கவேண்டும். பசையோ அக்குளிரில் சுண்ணாம்பாய் வெளுத்து உதிர்ந்தது. பலகைகளை இறுக்கும் இரும்புப் பிடிகள் தரையில் பதித்த மேசையோடு சேர்ந்தவை. வேறிடம் கொண்டுபோக இயலாது. அவர் உளியை எடுத்து, மண்டியிட்டுக் கோட்டைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட அடியிலும் சிவப்பே இருந்தது. விரற்கடை ஆழத்துக்குப் போயும் சிவப்பே இருந்தது. உளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ரத்தோமிர் கோட்டருகே வந்து நின்றார்.

"என்ன குழந்தை?"

"பொண்ணு."

"பொண்ணுன்னா சட்டை கிழிக்க மாட்டாங்களா? இன்னும் முழுசா நிக்கிறே. ஒருத்தனும் வரலையா?"

புதுத் தந்தையின் சட்டையைப் பிள்ளையின் நற்பேற்றுக்காக உற்றார் கிழிப்பது அவ்வூர் மகிழ்ச்சி.

"வந்தாங்க. அண்ணன்தான் முதல்ல கிழிக்கணும்னு திருப்பி அனுப்பிட்டேன்."

"கழுதை! அதை எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

ரத்தோமிர் கோட்டைத் தாண்டி, தம்பியின் கழுத்துப்பட்டையைப் பற்றி அடிவரை ஒரே இழுப்பாகக் கிழித்தார். அவருக்குப் பின்னால் வெப்பமும் தாண்டியது. வாளிப் பனிக்கட்டி விரிசல்விட்டு நீராயிற்று. சுவர்களின் உறைபனி மழைபோல் இறங்கியது. பலகை விளிம்பில் பசை கண்ணாடியாய்த் தெளிந்தது. வெற்று மார்போடு நின்ற விதோயேக்குக் குளிரவில்லை.

"அண்ணே, இது புதுச் சட்டை."

"தெரியும்டா. பழசைக் கிழிச்சா புள்ளைக்கு என்ன அதிர்ஷ்டம்?"

தொட்டில் உரிய நேரத்தில் முடிந்து நின்றது. கிழிந்த சட்டையைக் கோட்டுக்கு நேர்மேலே ஓர் ஆணியில் மாட்டினர். அதற்குப்பின் அந்த அடுப்பை மூட்டவேண்டிய தேவை எழவில்லை. வெப்பம் சட்டையிலிருந்தே இருபுறமும் வருகிறது. கோடையில் அதைக் கழற்றித் தோட்டத்து வாதுமை மரத்தில் தொங்கவிடுவர். அந்தக் கிளை மட்டும் முந்திக் காய்க்கும். மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். பனியில் நனைந்த காலணிகளை மாலையில் சட்டைக்கடியில் வைத்துவிட்டுப் போவாள். காலையில் அவை உலர்ந்திருக்கும்.