நீலமுடிக்காரன் வாங்கிய அடி

ஒரு ஞாயிறு மாலை, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் வீட்டுக் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, அடிபட்டு அவருடைய பல் ஒன்று விழுந்தது. அடித்தவர் ஊரின் மறுகோடியில் டிவி முன்னால் இருந்தார். அவர் கடைக்காரரின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். பொழுது போகாமல் பரணிலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கி, சின்ன வயதில் தம்பியோடு மல்லுக்கு நின்ற அனிமே சண்டை விளையாட்டை மறுபடி போட்டிருந்தார். அதில் தம்பி எப்போதும் தனக்கென்று எடுக்கிற வீரனான நீலமுடிக்காரனை இப்போது எதிராளியாகப் பெட்டியே ஆடியது. நீலமுடிக்காரன் வாங்கிய அடியெல்லாம் தம்பிக்கு வந்து சேர்ந்தது.

டாக்டர் சத்துக்குறைவு என்று மாத்திரை எழுதினார். கடைக்காரரின் மனைவி, பள்ளிச் சீருடை தைப்பவள், கண் திருஷ்டியோ என்றுகூட யோசித்தாள். கடைக்காரருக்கு மட்டும் இரண்டாவது வாரமே புரிந்துவிட்டது. கீழே இரண்டு உதை, எட்டி ஒரு பிடி, தூக்கி ஒரு வீச்சு. தூர நின்று நெருப்புப் பந்து எறிகிறவன் பயந்தாங்கொள்ளி என்பது அண்ணனின் கட்சி; அந்த வரிசையில் அடிக்க உலகத்தில் வேறு ஆளில்லை என்று மனைவியிடமும் விவரமாகச் சொன்னார். அம்மா இறந்தபோது வெளியூர் போயிருந்த தம்பி ஒரு நாள் தாமதமாக வந்தார். அண்ணன் காத்திருக்காமல் கொள்ளி வைத்து எல்லாவற்றையும் முடித்திருந்தார். தாமதித்ததை அவர் மன்னிக்கவில்லை, காத்திருக்காததை இவர் மன்னிக்கவில்லை. வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது.

புருஷன் வாரா வாரம் வீங்கிய முகத்தோடு கடை திறப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், அவள் பஸ் ஏறி மெக்கானிக் வீட்டுக்குப் போனாள். மெக்கானிக் கேம் பெட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார். தேய்ந்துபோனதால் அப்படி வைத்தால்தான் உள்ளே சிடித் தட்டு சுற்றும்.

“மாமா, நீங்க இங்க அடிக்கிறது அவர் மேல விழுது.”

அவர் சிரிக்கவில்லை, நம்பாமலும் இல்லை. “வலிக்குதாமா?”

“வலிக்காம? பல்லே போச்சு!”

“சரி, இனிமே தொடமாட்டேன்” என்றார். தம்பி எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்நெஞ்சக்காரர்.

அடுத்த ஞாயிறு கடைக்காரர் வழக்கம்போல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இருட்டும் வரை ஒன்றும் விழவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. சோறு இறங்கவில்லை அவருக்கு. கடையில் இடது கண்ணுக்கான லென்ஸை வலதில் பொருத்திக் கொடுத்து ஏச்சு வாங்கினார். கடைசியில் அவள் போய்வந்ததைச் சொன்னபோது, கல்யாணம் ஆனதிலிருந்து காட்டாத கோபத்தைக் காட்டினார்.

“உன்னை யாருடி போகச் சொன்னது? இத்தனை வருஷம் எட்டிப் பாக்காதவரு, வாரா வாரம் வந்துட்டு இருந்தாரு.”

“வந்தாரா? அடிச்சாருங்க!”

“அடிக்கவாவது வந்தாருல்ல.”

திரும்ப ஆடச் சொல்லிக் கேட்க மறுபடி பஸ் ஏறினாள். சொன்ன சொல் சொன்னதுதான், வேண்டுமானால் அவனே வந்து கேட்கட்டும் என்றார் மெக்கானிக். வீட்டுக்கு வந்து சொன்னாள். அவரே கூப்பிடட்டும் என்றார் கடைக்காரர். நல்ல ஜோடி! இரண்டு பேரையும் ஒரே உறையில் போட்டுத் தைத்துவிடலாம் போல இருந்தது அவளுக்கு. மூன்றாம் முறை போனபோது மெக்கானிக் பெட்டியையே தூக்கிக் கொடுத்துவிட்டார். “எடுத்துட்டுப் போம்மா. பாத்தாலே கை அரிக்குது.”

அவள் அதைத் தன் தையல் கடையில், துணிக்கட்டுகளுக்குப் பின்னால், ஒரு பழைய டிவியில் மாட்டினாள். கவிழ்த்து வைக்க மறக்கவில்லை. நீலமுடிக்காரன் மேல் கை வைக்காமல், விளையாட்டின் மற்ற வீரர்களோடு மோதியே பல மாதம் பழகினாள். ஊசி பிடித்த விரல்கள், சீக்கிரம் படிந்தன. கீழே இரண்டு உதை, எட்டி ஒரு பிடி, தூக்கி ஒரு வீச்சு. அந்தப் பெட்டிக்குக் கை யாருடையது என்ற பேதமில்லை. ஒரு ஞாயிறு மாலை நீலமுடிக்காரனை எதிரே நிறுத்தி, அழுதுகொண்டே அடித்தாள். முடிவில் தன் கணக்குக்கும் ஒரு குத்து விட்டாள்.

வீட்டுக்குப் போனபோது கடைக்காரர் தரையில் கிடந்தார். உதடு கிழிந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. “அண்ணன்டி! மனசு இறங்கிட்டாரு. அந்தக் கை வேற யாருக்கு வரும்?” என்றார்.

“ஆமாங்க” என்றாள். துணியில் ஐஸைச் சுற்றி அவர் தாடையில் வைத்து அழுத்தினாள்.

“மெதுவாடி” என்றார் அவர். “நீ அவரை விட மோசம்.”