எண்ணெய்க்குள் ஓடிய பெல்ட்

என் தங்கை லோர்னாவின் புருஷன் வார்விக்குக்கு வாயைத் திறந்தால் எண்கள்தான் வரும். ஆஸ்திரேலியாவின் சுரங்க ஊரான எங்கள் ப்ரோக்கன் ஹில்லில் யார் வீட்டிலாவது ஞாயிற்றுக்கிழமை கறி சுடக் கூப்பிட்டால் மற்றவர்கள் பீரோடு வருவார்கள். அவன் தன் கார் எஞ்சினின் எண்களோடு வருவான். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது சி.சி., மூன்று சிலிண்டர், டர்போ, தொண்ணூற்றிரண்டு கிலோவாட், லிட்டருக்கு இருபது கிலோமீட்டர். சொல்லும்போது அந்த எஞ்சினைத் தானே பத்து மாதம் சுமந்து பெற்றவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். பானட்டைத் திறந்து ஆயில் அளவு பார்த்தவன் இல்லை.

நான் இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். அதை அவன் ஒரு தகுதியாகவே எடுத்துக்கொண்டதில்லை.

"உனக்குப் புரியாது, கண்ணு. நீ இன்னும் கார்புரேட்டர் காலத்துலயே இருக்க" என்பான், கையில் இடுக்கியோடு, பத்துப் பேர் முன்னால்.

எஞ்சினைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பால் கேன் அளவு இருந்துகொண்டு அந்த இழுவை இழுப்பது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அதைச் செய்தவர்கள் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை எஞ்சினுக்கு உள்ளே, ஆயிலில் நனைந்தபடி ஓட விட்டிருந்தார்கள். ரப்பர் பெல்ட். ஆயில் சுத்தமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வார்விக் வீட்டிலிருந்து அவன் வேலை பார்க்கும் கார் விற்கும் கடைக்கு இரண்டு கிலோமீட்டர். எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடுவான். எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கும். பெட்ரோல் கலந்த ஆயில் ரப்பரைத் தின்னும். வருஷத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றினால் போதும் என்று புத்தகத்தில் இருந்தது. இவன் அதையும் இரண்டு வருஷமாகத் தாண்டியிருந்தான்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பின்வாசல் வழியாகக் காரைக் கொண்டுவந்தான். முன்வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களாம்.

"ஆயில் லைட் எரியுது. சென்சார்தான் போயிருக்கும். மாத்திக் குடுத்துடு" என்றான்.

சென்சார் நன்றாகத்தான் இருந்தது. எஞ்சினின் அடித்தொட்டியைக் கழற்றினேன். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் இருக்கும் சல்லடை, பெல்ட்டிலிருந்து உரிந்த கறுப்புத் தூளால் முக்கால்வாசி அடைபட்டிருந்தது. சுத்தம் செய்து, புது ஆயில் ஊற்றி, அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பெல்ட்ட மாத்தணும். இப்ப நான் செஞ்சது கொஞ்ச நாள்தான் தாங்கும்."

"பத்து வருஷம் வரும்னு கம்பெனிக்காரனே எழுதியிருக்கான்."

"கம்பெனிக்காரன் இந்த ஊருக்கு வந்திருக்கானா?"

"சரி சரி, மாத்திக்கிறேன். லோர்னாகிட்ட சொல்லிட்டு இருக்காத" என்றான்.

மூன்று வாரம் கழித்து வார்விக்கின் நீலக் கார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அவனிடம் அதை வாங்கி ஓட்டி வந்தவள் இமெல்டா. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த மருத்துவச்சி. ஊரில் பாதிக் குழந்தைகள் அவள் கையில்தான் இப்போது பிறக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள் மெனிண்டிக்குப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்து வருவாள். நூற்றுப் பத்து கிலோமீட்டர். பாதி வழியில் போனுக்குச் சிக்னல் கிடையாது.

அன்று சாயங்காலமே வார்விக்கைக் கேட்டேன்.

"பெல்ட்ட மாத்திட்டுத்தானே வித்த?"

"அடிலெய்ட்ல மாத்தியாச்சு."

அடிலெய்டுக்கு ஐநூறு கிலோமீட்டர். அந்த மூன்று வாரத்தில் அவன் ஊரை விட்டே போயிருக்கவில்லை. பொய் சொல்கிறவன் கொஞ்சம் யோசித்தாவது சொல்லலாம். அந்த மரியாதையைக்கூட அவன் எனக்குத் தரவில்லை. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். கிறிஸ்மஸ் வருகிறது, லோர்னா வீட்டில் எதற்கு ரகளை என்று எனக்கு நானே பெரிய மனுஷி மாதிரி ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இமெல்டா ஒர்க்‌ஷாப்பைத் தாண்டும்போதெல்லாம் கையசைப்பாள். நானும் அசைப்பேன்.

ஜனவரி பதினாறாம் தேதி, நாற்பத்து நான்கு டிகிரி வெயிலில், மெனிண்டி ரோட்டில் அறுபத்தெட்டாவது கிலோமீட்டரில் அந்த எஞ்சின் இறுகி நின்றது. இமெல்டா புத்திசாலி, காரை விட்டு நடக்கவில்லை. கார் நிழலில் தரையோடு உட்கார்ந்து, இருந்த இரண்டு லிட்டர் தண்ணீரைக் குடித்தாள். பிறகு மருந்துப் பெட்டியில் காயம் கழுவ வைத்திருந்த உப்புநீரையும் குடித்தாள். நான்கு மணி நேரம் கழித்து ஆடு ஏற்றிப் போன லாரிக்காரர் பார்த்தபோது அவளுக்குத் தன் பெயர் சொல்லத் தெரியவில்லை. வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே மூன்று நாள் படுத்துக் கிடந்தாள்.

கார் என் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் இழுத்துவரப்பட்டது. திறந்தேன். அதே பெல்ட். ஓரமெல்லாம் நைந்து, பாதி அகலம்கூட இல்லை. சல்லடை முழுக்க அடைப்பு. டர்போ போயிருந்தது, கிராங்க் பேரிங்குகள் போயிருந்தன. சல்லடையில் இருந்ததை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் வழித்து எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை லோர்னா வீட்டுக்குப் போனேன்.

வார்விக் யாரோ புதிதாக வந்த சுரங்க எஞ்சினீயருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். "ஆயிரத்து ஐநூறு சுத்துலயே நூத்தி எழுபது நியூட்டன் மீட்டர்—"

பீட்ரூட் சாலட்டுக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்து மூடியைத் திறந்தேன்.

"இது என்ன?" என்றாள் லோர்னா.

"உன் புருஷன் அடிலெய்ட்ல மாத்தின பெல்ட்."

வார்விக் டப்பாவைப் பார்க்கவே இல்லை. "லைட் எரிஞ்சதும் நிறுத்தியிருக்கணும். ஓட்டத் தெரியாதவ கையில குடுத்தா எந்த எஞ்சினும் இப்படித்தான் ஆகும்."

"லைட் எரிஞ்சு நாப்பது செகண்டுல நின்னுருக்கு, கார் கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கு. அவ செத்திருப்பா, வார்விக்."

"சாகலையே."

எஞ்சினீயர் தன் தட்டை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போய்விட்டான். லோர்னா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத்தில் அவள் அவனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"மாத்தினியா, இல்லையா?" என்றாள்.

"அத மாத்த ஒரு நாள் வேலை. எஞ்சினப் பிரிச்சாகணும். வாங்குறவங்க யாரு இதையெல்லாம்—"

"அப்ப மாத்தல."

உள்ளே போனாள். அவளுடைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பின் சாவியோடு வந்து என் கையில் கொடுத்தாள். "இத அந்தப் பொண்ணுகிட்ட குடு. இனிமே இது அவளோடதுன்னு சொல்லு." பிறகு வார்விக்கிடம், "நீ கடைக்கு நடந்து போ. ரெண்டு கிலோமீட்டர்தானே" என்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் தட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் இமெல்டாவைப் பார்க்கப் போனேன். தன் வீட்டுச் சமையலறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். உதடுகள் இன்னும் வெடித்திருந்தன. சாவியை மேஜையில் வைத்து, வார்விக் செய்தது முழுவதையும் சொன்னேன். அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு வார்த்தைகள் நிறைய இருந்தன. அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"நவம்பர்ல அந்த சல்லடைய சுத்தம் பண்ணது யாரு?"

"நான்தான்."

"நான் அந்தக் கார ஓட்டிட்டுப் போறத நீங்க பாத்தீங்க."

"பாத்தேன். அவன் மாத்திட்டேன்னு சொன்னான்."

"நம்புனீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல" என்றேன்.

அவள் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "உங்க தங்கச்சிக்கு நன்றி சொல்லுங்க. அவர் பொய் சொல்றவர்னு ஊருக்கே தெரியும், க்ளெனிஸ். நீங்க அப்படி இல்லன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து வார்விக் கடையில் வேறு ஒரு டர்போவின் எண்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அந்த மாதிரி ஆளுக்கு வெட்கம் வருவதற்கு உள்ளே இடமே கிடையாது. லோர்னா அவனோடுதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கறி சுடுவது மட்டும் நின்றுவிட்டது.

இமெல்டா இப்போது வண்டியை ஊரின் மறுகோடியில் இருக்கும் கெண்ட்ரிக்கிடம் சர்வீஸுக்கு விடுகிறாள். கெண்ட்ரிக்குக்கு வீல் நட்டைக்கூட ஒழுங்காக முடுக்கத் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை பேங்குக்குப் போகிற வழியில் பார்த்தேன். வண்டி அங்கே தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. பக்கத்தில் இமெல்டா, தன் மருந்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, அவன் ஆயில் மாற்றுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.